ஐஸ் வண்டி ஹாரனும் அக்கா மகனின் லேப்டாப்பும்

எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. மன்னார்குடிப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கர் நான்கு, அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இசைத்தட்டுப் பெட்டி ஒன்று. ஊரில் அதற்கு ரேடியோ செட் என்று பேர். இன்றைக்கு 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸரும் லாரி பிடிக்கிற அளவுக்கு ஸ்பீக்கர் பாக்ஸும் வந்துவிட்டன. ஆனால் எங்கள் வீடு இன்னமும் ரேடியோ செட்டுக்காரர் வீடுதான்.

கச்சேரியைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி நான் உட்காரும் இடம். மிக்ஸர் எப்போதும் மேடைக்கு எதிரே, கூட்டத்தின் பின்பாதியில் இருக்கும். அதனால் பதினெட்டு வருஷமாக நான் அதிகம் பார்த்தது முதுகுகளை. தலை குனிந்து, காதோரம் நீல வெளிச்சம் தெரிந்தால் செல்போன் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். கச்சேரி பிடித்துக்கொண்டால் அந்த வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணையும். சரக்கு இல்லாத பாட்டுக்கு வயல் முழுக்க மின்மினிதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரைத் திருவிழா. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம், உளுந்து எடுத்த வயலில் மேடை. நாதஸ்வரம், தனித் தவில் முடிந்து, சினிமாப் பாட்டுக் குழு வருவதற்கு நாற்பது நிமிஷம் இடைவெளி. அந்த இடைவெளியில் என் அக்கா மகனுக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தேன். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ராத்திரியில் எலக்ட்ரானிக் இசை. அவனே உருவாக்குகிறான், அவனே மேடையில் வாசிக்கிறான். வாசிக்கிறான் என்ற வார்த்தை சரியா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரு மேஜை, அதில் லேப்டாப், பக்கத்தில் திருகுகள் நிறைந்த சின்னப் பெட்டி. சார்ஜரைச் செருகியதும் பாக்ஸில் ஙொய்ங் என்று ஹம் வந்தது. லேப்டாப் கச்சேரி என்றாலே எனக்கு வரும் முதல் தலைவலி இதுதான். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டும் சேர்ந்து வளையம் போட்டுக்கொள்ளும். நடுவில் வைக்கும் டிஐ பாக்ஸில், ஆடியோ ஒயரின் எர்த்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டியதும் அடங்கியது. அவன் ஆரம்பித்தான்.

ஹெட்போனில் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, சொந்தக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. அடியில் ஒரு தடித்த பேஸ், அதன்மேல் ஏதோ தண்ணீர் சொட்டுகிற மாதிரிச் சத்தம், மெல்ல மெல்ல நெருங்கிவரும் தாளம். ஆனால் எனக்கு முன்னால் மின்மினி கூடிக்கொண்டே போனது. இருபது நிமிஷம் இருக்கும், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். காதில் கைவைத்துக் குனிந்து கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தப் பையன் இன்னும் செக் பண்ணிக்கிட்டே இருக்கானே. எப்ப ஆரம்பிப்பான்?"

நான் என்ன சொல்ல? இப்ப ஆரம்பிச்சிடுவான் ஐயா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒயர் சுருட்டும்போது பையன் முகம் தொங்கிக் கிடந்தது. "நம்ம ஊருக்கு இதெல்லாம் புரியாது மாமா" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மாப்ளே, இதே ஜனம்தான் உனக்கு முன்னாடி ஒரு மணி நேரம் தனித் தவில் கேட்டுச்சு. அதுல பாட்டு உண்டா, வரி உண்டா, சினிமா உண்டா? ஒருத்தன் போனை எடுத்தானா பாத்தியா?"

அது உண்மை. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பேரே தவில்காரரின் முதல் பேர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, ஹரித்வாரமங்கலம் ஏ.கே. பழனிவேல். வரியில்லாத, கணக்கு மட்டுமேயான இசையை இந்த மண் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, தீர்மானம் என்கிற முடிப்பு வந்து, சமம் என்கிற தாளத்தின் முதல் அடியில் விழும்போது சரியாகத் தலையை ஆட்டும் கூட்டம் இது. அதற்குப் புரியாது என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்போ வித்தியாசம் எங்கே? பலர் கை என்று சொல்வார்கள். தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கம்பு, அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, லேப்டாப்பில் தெரியவில்லை. சரி, அது பாதிதான். இரண்டு தவில் உட்காரும் கச்சேரியில் முதுகுகளுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். ஒருவர் வாசிக்கும்போது கூட்டத்தில் பாதித் தலைகள் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னொரு தவில்காரரை நோக்கித் திரும்பியிருக்கும். அவர் முகம்தான் காட்டிக்கொடுக்கிறது. புருவம் ஏறினால் ஏதோ எதிர்பாராத கணக்கு நடக்கிறது. உதட்டோரம் சிரித்தால் நல்ல அடி விழுந்தது. கம்பை ஒருமுறை சரி பண்ணிக்கொண்டால் பதில் தயார். கணக்கு தெரியாதவன்கூட அந்த முகத்தைப் பார்த்தே முழுக் கச்சேரியையும் பின்தொடர்ந்துவிடுவான்.

அக்கா மகன் மேடையில் தனியாக நின்றான். முகத்தில் திரை வெளிச்சம், பார்வை கீழே. ரைஸ் மில்லில் கணக்குப் பிள்ளை பேரேடு பார்க்கிற மாதிரி இருந்தது. அந்த இருபது நிமிஷத்தில் அவன் நூறு முடிவுகள் எடுத்திருப்பான்: இதை விடலாமா, அதைக் கூட்டலாமா, இன்னும் நான்கு சுற்று காத்திருக்கலாமா. அதில் ஒன்றுகூட வெளியே கசியவில்லை. என் கணக்குப்படி, அடுத்து என்ன நடக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று ஒரு ஆளின் முகத்திலோ கையிலோ தெரியும் வரைக்கும்தான் கூட்டம் நிமிர்ந்து இருக்கும். முடிந்துபோன காரியத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

வாத்தியங்களை முன்பே பதிவு செய்துவைத்த ட்ராக் போட்டுப் பாடும் கச்சேரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டு, ஒரே குரல், சொல்லப்போனால் ட்ராக்கில் வாத்தியங்கள் இன்னும் சுத்தமாகவே இருக்கும். ஆனாலும் கூட்டம் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். பாடகர் சரணத்துக்கு ஒரு மூச்சு பிந்தி வந்தால், ஆட்கள் வாசிக்கும் குழு இன்னொரு சுற்று சுற்றி அவருக்காகக் காத்திருக்கும். கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார், பேட்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டுவார். ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது.

பேட் என்றதும் ஞாபகம் வருகிறது. ரோலண்ட் கம்பெனி ஆக்டாபேடை 1985-ல் கொண்டுவந்தது. எட்டு ரப்பர் கட்டம், குச்சியால் அடித்தால் அதோடு இணைத்த பெட்டியிலிருந்து சத்தம் வரும். எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்கு அது வந்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பையன். அப்பா என்னை மேடைக்குப் பக்கவாட்டில் ஒயருக்குக் காவல் வைப்பார். நான் ஒயரைப் பார்த்ததே இல்லை, பேட்காரரைத்தான் பார்ப்பேன். இந்தப் பாட்டில் தபலாவாக இருந்த கட்டம் அடுத்த பாட்டில் இடியாக இடிக்கும். பக்கத்தில் கீபோர்டுக்காரர் அதைவிடப் பெரிய வித்தைகளை விரல் நுனியில் செய்துகொண்டிருப்பார், ஒரு பயலும் அவரைச் சீண்ட மாட்டான். இரண்டுமே மின்சாரச் சத்தம்தான். ஒன்றில் குச்சி மேலே போவது தெரிகிறது. மேலே போன குச்சி எப்போது இறங்கும் என்று ஒரு கணம் நமக்கும் தெரியாது.

அடுத்த ஒரு வருஷம் பையன் ராத்திரியில் வீடியோ வீடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது தெரமின். ரஷ்யாக்காரர் லெவ் தெரமின் 1920 வாக்கில் செய்த கருவி, எலக்ட்ரானிக் வாத்தியங்களில் ரொம்பப் பழையது. இரண்டு ஆண்டெனா; ஒன்றுக்குப் பக்கத்தில் கை போனால் சுருதி மாறும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் போனால் சத்தம் கூடும் குறையும். வாசிப்பவர் எதையும் தொடுவதில்லை, காற்றில் விரலை அசைக்கிறார். கொஞ்சம் தோள் ஆடினாலும் சுருதி வழுக்கிவிடும், அதனால் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். பார்க்கிற நமக்கும் மூச்சு முட்டுகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பமே இப்படி இருந்திருக்கிறது. நடுவில்தான் எங்கேயோ மேஜைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம்.

ஏ.ஆர். ரஹ்மான் மேடையில் வாசிக்கும் கண்டினுவம் கருவியும் அந்த வம்சம்தான். கட்டைகள் கிடையாது, ஒரு மெத்தைப் பரப்பில் விரலை இழுத்தால் கமகம் மாதிரி வழுக்கும். விரல் போகிற போக்கும் சுருதி போகிற போக்கும் ஒன்றாக இருப்பதால் குழந்தைக்குக்கூட விளங்கிவிடும்.

கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக் குழு என் வாதத்துக்கு நேர் எதிர். நான்கு பேர், நான்கு மேஜை, ஆள் அசைவதே இல்லை. ஆனாலும் ஜனம் பார்க்கிறது. எனக்குத் தோன்றுவது, அவர்கள் அசையாமையையே வேஷமாகக் கட்டிக்கொண்டார்கள். தங்களுக்குப் பதிலாகப் பொம்மை ரோபோக்களையே மேடையில் நிறுத்தியவர்கள். அதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். நம்ம பையன் அசையாமல் நின்றது கூச்சத்தில்.

கனடாவின் எலக்ட்ரானிக் இசைக்காரர் டெட்மவுஸ் 2012-ல், பெரிய மேடைகளில் நாங்கள் எல்லோரும் பிளே பட்டனைத்தான் அமுக்குகிறோம் என்று வெளிப்படையாக எழுதிவிட்டாராம். என் வேட்டிக்காரப் பெரியவர் அதைத்தான் கேட்டார் என்று பையன் சிரித்தான். அவன் கொஞ்சம் தேறிவிட்டான் என்று அப்போது நினைத்தேன்.

மேடையிலேயே புரோகிராம் எழுதி இசையாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2004-ல் டாப்லாப் என்று ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். உன் திரையை எங்களுக்குக் காட்டு என்பது அவர்கள் கொள்கை. எழுதுகிற வரிகள் பின்னால் பெரிதாகத் தெரியும். இதில் எனக்கு அரை மனசுதான். என் மிக்ஸரையும் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், பார்த்து என்ன தெரிந்துகொண்டார்கள்? ஆனால் அந்த வீடியோவில் ஒரு பெண் ஒரு வரியை அழிக்கிறாள், அடித்துக்கொண்டிருந்த டிரம் சட்டென்று நின்றுபோகிறது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து, "அழிச்சதும் போயிடுச்சு பாருங்க" என்றாள். சரி, அந்த மட்டில் ஒப்புக்கொள்கிறேன்.

போன சித்திரையில் அதே ஊர், அதே வயல். விழாக் கமிட்டியை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்பது தனிக்கதை. வாடகையில் கொஞ்சம் குறைத்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை மேஜையை எடுத்துவிட்டோம். பதினாறு கட்டம் உள்ள பேட் ஒன்றை, நாதஸ்வர வித்வானுக்கு வைக்கும் மைக் ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டி, கட்டங்கள் கூட்டத்தைப் பார்க்கும்படி நிறுத்தினோம். அவன் பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டும். மதியம் சோதித்தபோது அடிக்கும் சத்தமும் கையும் ஒட்டவே இல்லை. லேப்டாப்பில் பஃபர், அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் சத்தத் துணுக்குகள், 1024 என்று கிடந்தது. நொடிக்கு 44,100 துணுக்கு என்ற கணக்கில் அதுவே 23 மில்லி செகண்ட். அதை 128-க்கு இறக்கினேன், 3 மில்லி செகண்ட் ஆயிற்று. தள்ளி நிற்பவனுக்கு இது தெரியாது. அடிப்பவனுக்குத் தெரியும், சத்தம் பிந்தினால் அவன் கை தயங்கும், அந்தத் தயக்கம் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் அவன் கைக்கு மேலே ஒரு கேமரா, பின்னால் எல்இடி திரை. இதில் ஒரு வேடிக்கை. கேமராவிலிருந்து திரைக்குப் படம் வர நான்கைந்து பிரேம் பிந்தும், சுமார் பத்தில் ஒரு பங்கு நொடி. முன்வரிசையில் இருந்து பார்த்தால் விரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். ஆனால் சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். 35 மீட்டர் பின்னால் நிற்பவனுக்குச் சத்தமும் அதே பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தித்தான் வருகிறது. பின்வரிசைக்கு நான் வைத்திருக்கும் பாக்ஸையும், எதிரொலி வராமல் இருக்க, அதே அளவு பிந்தவைத்திருப்பேன். ஆக, திரை தேவைப்படுகிற பின்வரிசைக்காரனுக்குத் திரை சரியாகப் பொருந்துகிறது. பொருந்தாத முன்வரிசைக்காரனுக்குத் திரையே தேவையில்லை, விரலே தெரிகிறது. யாரும் திட்டம் போடாமல் இப்படி அமைந்ததில் எனக்குச் சின்னப் பெருமை, நான் செய்ததுபோல.

மூன்றாவது, ஒரு தப்புக்காரரை, அதாவது பறை அடிப்பவரை, கூட நிறுத்தியது. இது என் யோசனை. வாசிக்க மட்டுமில்லை, கேட்கவும் ஒரு முகம் வேண்டுமே. அவர் மேடைக்குக் கீழே வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்ச ஆரம்பித்ததுமே பிள்ளைகள் சுற்றிக்கொண்டன. தட்டிப் பார்ப்பார், காதுக்குப் பக்கம் வைப்பார், மறுபடி காட்டுவார். கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே கூட்டத்துக்குக் காதைத் தீட்டிக் கொடுத்துவிட்டார்.

ஐந்து நிமிஷம் சுமாராகப் போனது. முப்பது நாற்பது மின்மினி. அப்போது பின்னாலிருந்து ஐஸ் வண்டி ஹாரன், பாம் பாம் என்று. அக்கா மகன் வாசிப்பதை நிறுத்தினான். ஒயர் இல்லாத கை மைக்கை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்து இறங்கிவிட்டான். எனக்கு உயிர் போயிற்று. மைக்கோடு பாக்ஸுக்கு முன்னால் நடந்தால் கீய்ய் என்று ஃபீட்பேக் வரும். அவசரத்தில், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினேன், இறக்கியது தப்பின் மைக்கை. நல்லவேளை, பையன் பாக்ஸைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஐஸ்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். ஹாரனின் ரப்பர் உருண்டை வெடித்துப்போய் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. மைக்கோடு ஓடிவருகிறவனைப் பார்த்து மிரண்டுபோய், "இனிமே அடிக்கல தம்பி" என்றார். அது பாக்ஸில் கேட்டு வயலே சிரித்தது.

"இல்லண்ணே, ஒரு தடவை அடிங்க."

அடித்தார். மேடையில் தப்புக்காரர் ரெக்கார்டு கட்டத்தை அமுக்கவேண்டும் என்று ஏற்பாடு. மறந்துவிட்டார், ஐஸ்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் கத்தினான், அவர் பதறி அமுக்கினார், ஐஸ்காரர் மறுபடி அடித்தார். இந்தக் குளறுபடி நடந்ததே நல்லது என்பேன். சத்தம் பிடிபடுகிறது, பெட்டிக்குள் போகிறது என்பது மொத்த ஊருக்கும் விளங்கிவிட்டது.

மேடைக்கு ஓடி, ஒரு கட்டத்தை அடித்தான். பாம். பக்கத்துக் கட்டம், அதே ஹாரன் கீச்சுக் குரலில். அடுத்தது எருமை மாதிரி அடித்தொண்டையில். இன்னொன்றில் தலைகீழாக, மாப் என்று உறிஞ்சுகிற சத்தம். நான்கையும் மாற்றி மாற்றி அடித்து ஒரு தாளமாக்கி ஓடவிட்டான். தப்புக்காரர் சிண்டுக்குச்சியால் உள்ளே நுழைந்தார், நானும் புத்தி வந்து அவர் ஃபேடரை ஏற்றினேன். பதினாறு எண்ணிக்கைச் சுற்று, கடைசி எண்ணிக்கையில் அசல் பாம். மூன்று சுற்று ஓடியது. எல்லோருக்கும் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்போது வரும் என்று தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு நீல வெளிச்சம் இல்லை.

நான்காவது சுற்றில் பதினைந்து வந்தது. பையன் கையைத் தூக்கினான். அடிக்கவில்லை. கை அந்தரத்தில் நிற்கிறது, தப்புக்காரர் அவனை வாய்பிளந்து பார்க்கிறார், திரையில் ஐந்து விரலும் நிழலாக அந்தக் கட்டத்தின் மேல். கூட்டமே வாயால் "பாம்" என்றது. ஒரு கணம் கழித்துப் பின்னாலிருந்து நிஜ ஹாரன். ஐஸ்காரர். அவர் இருந்த தூரத்துக்கு அது மேடைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் பிந்தியிருக்கும். யாரும் தாளம் தப்பியது என்று சொல்லவில்லை.

அதன் பிறகு நாற்பது நிமிஷம் போனது தெரியவில்லை. நடுவில் ஒரு பத்து நிமிஷம் அவனுடைய பழைய பாணி, அதே தண்ணீர் சொட்டும் சத்தம்கூட வந்தது. இந்த முறை அதையும் உட்கார்ந்து கேட்டார்கள். கமிட்டிக்காரர்கள் சினிமாப் பாட்டுக் குழுவைப் பத்து நிமிஷம் காக்கவைத்தார்கள்.

ஒயர் சுருட்டும் நேரத்தில் அந்த வெள்ளை வேட்டிப் பெரியவர் என்னிடம் வந்தார். மேடையைக் கைகாட்டி, "போன தடவை ஒருத்தன் செக் பண்ணிக்கிட்டே நின்னானே தம்பி, அவனை விட்டுட்டு இவனைக் கூட்டிட்டு வந்தது நல்லதாப் போச்சு" என்றார்.

பையன் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.